பெருக்கல் குறி போட்ட கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபுல்க்ரான் பெஸ்ஸியேர் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போக முடியாமல் தவித்தார். கதவு பூட்டியிருக்கவில்லை. சாவியும் சட்டைப்பையில்தான் இருந்தது. கதவின் நடுவில் ஈரம் காயாத மஞ்சள் பெருக்கல் குறி ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

ரோக்ஸேர் ஊரைச் சுற்றியுள்ள பாதைகளில் மஞ்சள் கோடு என்றால் நேரே போ, வளைந்த கோடு என்றால் திரும்பு, பெருக்கல் குறி என்றால் இந்தப் பக்கம் வழி இல்லை. நடக்க வருகிறவர்களுக்காக இந்தக் குறிகளை முப்பத்தொரு வருஷமாக வரைந்து வருகிறவர் ஃபுல்க்ரான். சம்பளம் கிடையாது. மஞ்சள் ஒரு டப்பா, அழிப்பதற்குச் சாம்பல் நிறம் ஒரு டப்பா, இரண்டு தூரிகை, பாதைக் கமிட்டி கொடுத்த ஓர் அடையாள அட்டை. குளிக்கும்போதுகூட அந்த அட்டையைக் கழற்ற மாட்டார் என்று ஊரில் பேச்சு.

ஊராரும் குறிகளை மீறுவதில்லை. ஒருமுறை தபால்காரி சொலான்ஜ் பெருக்கல் குறியைப் பார்த்தும் குறுக்குவழியில் இறங்கிப் பள்ளத்தில் விழுந்தாள். ஆள் வந்து தூக்கும்வரை பொழுது போகாமல் பையிலிருந்த கடிதங்களை எல்லாம் படித்துவிட்டாள். அன்று வெளியே வந்த சங்கதிகளுக்குப் பிறகு, குறி என்றால் மேயர்கூட நின்றுவிடுவார்.

"மகலோன்!" என்று ஃபுல்க்ரான் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அவர் மனைவி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் முழங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

"என்ன, வந்துட்டியா?"

"கதவுல குறி இருக்கு."

"பாத்தேன்."

"காலைல இதே கதவு வழியாத்தானே நான் வெளிய போனேன்."

"வெளிய போறதுக்கு என்ன தடை? எந்தப் பக்கத்துலேருந்து வர்றானோ அவனுக்குத்தான் குறின்னு நீதானே வாய் கிழியச் சொல்லுவே. உள்ள வர்றதுக்குத்தான் வழி இல்ல."

"சரி, அழிச்சிடுறேன்."

"கமிட்டி அனுமதி இருக்கா?"

ஃபுல்க்ரான் தோள்பையிலிருந்து எடுத்த சாம்பல் நிற டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்தார். பெருக்கல் குறியை அழிக்க வேண்டுமானால் மனுப் போட வேண்டும். கமிட்டி கூடுவது ஏப்ரலில். இது அக்டோபர்.

அவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று அவருக்கு விளங்காமல் இல்லை. மே மாதம் ஒரு ஞாயிறு, ரொட்டிக்கடைக்காரன் ப்ரிவா, அவருக்கென்று எடுத்து வைத்திருந்த உருண்டை ரொட்டியை நடைக்காரர்கள் யாருக்கோ விற்றுவிட்டான். ப்ரிவா மகலோனின் தம்பி. ஃபுல்க்ரானுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நடைக்காரர்கள் இனி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று கடைக் கதவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். நடைக்காரர்கள் வரவில்லை. ஊராரும் வரவில்லை. குறி போட்டவரும் குறிக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் அவரும் போகவில்லை. ஐந்து மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பாக்கெட்டில் வரும் வறட்டு ரொட்டித் துண்டுகளைச் சத்தம் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதக் கடைசியில் கடையை மூடிவிட்டு மகளோடு துலூஸில் போய் இருந்துவிடப் போவதாக ப்ரிவா சொல்லிவிட்டான். ஊருக்கு இருப்பது அந்த ஒரே ரொட்டிக்கடை.

"எங்க பெருக்கல் குறி இருக்கோ, அங்க சரியான வழியும் காட்டியிருக்கணும்" என்றார் ஃபுல்க்ரான், தோற்றுப்போன குரலில். "அதுதான் முறை."

"அப்போ தேடு" என்று சொல்லி மகலோன் ஜன்னலைச் சாத்தினாள்.

தேடினார். நீரூற்றுக் கல்லில் மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. குனிந்து விரலால் அளந்தார். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம்கூட இல்லை, ஓரம் கத்தியால் நறுக்கியது மாதிரி நேர்த்தி. கண் மட்டத்தில், வருகிறவன் தலை திரும்பாமலே பார்க்கிற இடத்தில். அவர் பழக்கிய சீடர்கள் ஒன்பது பேர், ஒருத்தனுக்கும் இந்தக் கை வரவில்லை.

அடுத்த கோடு கோபுர வாசலில். அதற்கடுத்தது கோட்டைச் சுவரை ஒட்டிய படிக்கட்டில். பிறகு பழைய பாலம், அங்கிருந்து ஓக் மரங்களுக்கு நடுவே ஏறும் பாதை. கமிட்டி கமிட்டி என்று அவர் அலைந்த சனிக்கிழமைகளில், முழங்கால் வலிக்காரி தூரிகையோடு இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறாள் என்பது கோட்டுக்குக் கோடு உறைத்தது.

பாலத்தைத் தாண்டியதும் பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்த பதினாலு பேர். முன்னால் வந்த தாடிக்காரர் வணக்கம் சொன்னார். பின்னால் வந்த பதின்மூன்று பேரும் ஒவ்வொருவராக வணக்கம் சொன்னார்கள். பதினாலு தடவையும் ஃபுல்க்ரான் பதில் வணக்கம் சொன்னார். பாதையில் அதுவும் ஒரு முறை.

"இந்தப் பாதை எங்க வரைபடத்துல இல்லையே, மொஸ்யே" என்றார் தாடிக்காரர்.

"குறி இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? வாங்க."

புல்வெளி ஒன்றில் கோடு தவறிவிட்டது. கல்லில் இல்லை, மரத்தில் இல்லை, வேலியிலும் இல்லை. கடைசியில் ஒரு பெல்ஜியப் பெண்தான் கண்டுபிடித்தாள். ஒரு கழுதையின் விலாவில் இருந்தது.

"கழுதைல குறி போடக்கூடாதுன்னு சட்டம் இல்லையா?" என்று தாடிக்காரர் கேட்டார்.

ஃபுல்க்ரான் விதிப்புத்தகத்தை மனதில் புரட்டினார். சுவர், மரம், கம்பம், பாறை. குறி தாங்கும் பொருள் நகரக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கழுதை நகர்ந்தது. அவர் அதன் பின்னால் நடந்தார், பதினாலு பேரும் அவர் பின்னால் நடந்தார்கள். கழுதை ஒரு கஷ்கொட்டை மரத்தை மூன்று முறை சுற்றியது. அவர்களும் சுற்றினார்கள். நான்காவது சுற்றில் அதற்கே சலித்துப்போய், கல்லறைத் தோட்டத்து வழியாக ஊருக்குள் இறங்கியது.

சந்தின் முனையில் கழுதை நின்றுவிட்டது. எதிரே ப்ரிவாவின் ரொட்டிக்கடை. கதவில் அவர் போட்ட பெருக்கல் குறி. பக்கத்து நிலைச்சட்டத்தில், உள்ளே திரும்பு என்று மகலோன் போட்ட வளைந்த கோடு.

ஒரே வாசலில் வராதே என்று ஒரு குறி, வா என்று ஒரு குறி. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஓர் அசிங்கத்தை அவர் பார்த்ததில்லை. பதினாலு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"இதுல எது தப்பு?" என்று தாடிக்காரர் கேட்டார்.

ஃபுல்க்ரான் இரண்டையும் பார்த்தார். தன்னுடைய குறி கோணலாக, வழிந்து, கோபத்தில் போட்டது என்று பார்த்ததுமே தெரிகிற மாதிரி இருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்னுதுதான்" என்றார்.

சாம்பல் நிற டப்பாவைத் திறந்து, அனுமதி இல்லாமல், மனு இல்லாமல், கமிட்டியைக் கேட்காமல் அழித்தார். அழித்துவிட்டு உள்ளே போனார்.

ப்ரிவா கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆள் வராத கடையிலும் தட்டு நிறைய ரொட்டி சுட்டு அடுக்கியிருந்தான்.

"என்ன மாமா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்ல மச்சான். இப்பத்தான் சரியான வழியில வர்றேன்." கல்லா அருகே போய் நின்றார். "தப்புப் பண்ணிட்டேன்டா. ஒரு ரொட்டிக்காகப் போய் உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன். ஊரை விட்டுப் போகாத."

ப்ரிவா பதில் சொல்வதற்குள் பதினாலு பெல்ஜியக்காரர்களும் உள்ளே நுழைந்து வரிசையாக வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். வரிசை என்றால் வரிசைதான் என்று ஃபுல்க்ரான் ஒவ்வொருவருக்கும் வழிவிட்டார். அவர் முறை வந்தபோது தட்டு காலி. அடியில் கருகிய ஒரே ஒரு உருண்டை ரொட்டி பாக்கி இருந்தது.

"இதையும் ஒருத்தர் கேட்டாரு" என்று ப்ரிவா அதைக் காகிதத்தில் சுற்றினான். "எங்க மாமாவுக்கு எடுத்து வச்சதுன்னு சொல்லிட்டேன்."

"மாசக் கடைசியில?"

"அடுப்ப அணைக்கல மாமா. ஆகட்டும் பாக்கலாம். மொதல்ல எங்க அக்கா உங்கள உள்ள விடுறாளான்னு பாருங்க."

வீட்டு முன்கதவில் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு வளைந்த கோடு சமையலறை ஜன்னலைக் காட்டியது. ஜன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலி. அறுபத்தேழு வயது ஃபுல்க்ரான் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டார். மகலோன் முதலில் ரொட்டியை வாங்கிப் பத்திரமாக மேஜையில் வைத்தாள். பிறகு புருஷனை இழுத்தாள். மேஜையில் மூன்று தட்டு இருந்தது, மூன்றாவது அவள் தம்பிக்கு.

அவர் நிமிர்ந்தபோது, தாடிக்காரர் நாற்காலியில் ஏறி ஜன்னலில் காலை வைத்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம், மதாம். குறி இப்படித்தான் காட்டுது."

"வாங்க, வாங்க. தலையை இடிச்சுக்காதீங்க." மகலோன் ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கினாள். பதினாலாவது ஆள் இறங்கியதும் புருஷனைப் பார்த்தாள். "பாத்தியா? ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இத்தனை பேரு. அஞ்சு மாசம் அவன் கடை வாசல்ல ஒரு ஆள் இல்ல."

ஃபுல்க்ரானால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அழிச்சிட்டேன்" என்றார். "கமிட்டிய கேக்காமலே அழிச்சிட்டேன்."

"தெரியும். கையில ஒட்டியிருக்கு."

"அப்போ நம்ம முன்கதவையும் அழிச்சிடவா?"

"அது எப்படி?" என்று மகலோன் கத்தியை எடுத்துக் கருகிய ரொட்டியைப் பதினேழு பங்காக வெட்ட ஆரம்பித்தாள். "அது தப்பான குறி, அழிச்சே. இது சரியான குறி. ஏப்ரல் வரட்டும், மனுப் போடு."