செல்லத்துரையின் கோப்பை நிறைந்தே இருந்தது

இடுக்கி மலையில், ஆனைக்கரையின் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ரிசார்ட்டில் சீனத் தேநீர்க்கூடம் திறந்த நாளிலிருந்து சுவக்கீனின் முதுகு நேராக நின்றது கிடையாது. மூன்றடி மூக்கு வைத்த செம்புக் கெண்டியைத் தலைக்கு மேலும் தோளுக்குப் பின்னாலும் வளைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவது அவன் வேலை. சீனாவிலிருந்து வந்து பழக்கிவிட்டுப் போன மாஸ்டர் இரண்டே சட்டம் சொன்னார். கெண்டி கையிலிருக்கும்வரை பேசக் கூடாது. மூச்சு ஆடினால் மூக்கும் ஆடும். இரண்டாவது, விருந்தாளியின் கோப்பை காலியாகக் கிடக்கக் கூடாது. போதுமென்றால் அவரே நிறைந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போவார்.

அந்த மாஸ்டர் செல்லத்துரையைப் பார்த்ததில்லை, பாவம்.

செல்லத்துரை, சுவக்கீன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஞானஜோதியின் அப்பா. தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்டுப் போனபோது, "பய தொழில் பண்ணுத லட்சணத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டார். சொன்னபடி ஒரு காலையில் வந்து உட்கார்ந்தார். ஊற்றிய தேநீரை மிச்சம் வைத்தால் கொழுந்து கிள்ளிய கைக்கு அவமரியாதை என்பது அவர் கட்சி.

குடித்தார். "கொள்ளாம்லே" என்று பாராட்டிக் கோப்பையை வைத்தார். மூக்கு வந்து நிரப்பியது. குடித்தார். நிரப்பியது.

"போதும்லே."

சுவக்கீன் பேச முடியாமல் சிரித்தான். வாயால் போதுமென்பவர் கோப்பையைக் காலியாக வைத்தால் என்ன அர்த்தம்? மாமனார் தன்னைச் சோதிக்கிறார் என்றே நினைத்தான்.

"சிரிக்கியா? நீ ஊத்துலே, பாப்போம்."

மதியத்துக்குள் அவர் வயிறு இடுக்கி அணை கணக்காக ஏறியது. அசைந்தால் உள்ளே அலையடிப்பது பக்கத்து மேசைக்குக் கேட்டது. "ஆரஞ்சு அலர்ட்டு தாண்டிட்டு" என்று முனகியவர், கோப்பையை மேனேஜர் பிரதீப்பிடம் நீட்டினார். "செத்த பிடியும்யா, ஒதுங்கிட்டு வந்துருதேன்."

"அய்யோ சேட்டா, கெஸ்டின்டெ கப்பு தொட்டா என்டெ ஜோலி போகும்!"

நிறைந்த கோப்பையை வைக்க மனமில்லை. குடித்தால் மறுபடி நிறைகிறது. கோப்பையோடு கழிவறைக்குப் போக அவர் அவ்வளவு கேவலமானவர் இல்லை. ஆகவே வீட்டுக்குக் கிளம்பினார். ஜீப்பில் ஏறினார். சுவக்கீன் பின்படியில் தொற்றிக்கொண்டான். வெந்நீர்ப் பானையோடு பிரதீப் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்.

கொண்டையூசி வளைவுகளில் ஜீப் ஆட, தேநீர் ஆடவில்லை. ஒரு வளைவில் ஜீப் இடப்பக்கம் திரும்பிவிட்டது; தேநீர் மட்டும் சற்று நேராகப் போய், மனம் மாறி, திரும்பி வந்து கோப்பையில் விழுந்தது. டிரைவர் லிபின் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்றான். விருந்தாளி அவனில்லை என்பதால் சுவக்கீன் ஊற்றவில்லை.

வீட்டு வாசலில் ஞானஜோதி நின்றாள். செல்லத்துரை முழங்காலை முழங்காலோடு ஒட்டிக்கொண்டு இறங்கினார். நெற்றியில் வழிந்த வியர்வையில் ஏலக்காய் வாசம் இல்லை, தேயிலை வாசம்தான்.

"லே, சம்மதம்! கட்டிக்கோ! நிறுத்துலே!"

சுவக்கீனுக்குக் கண் கலங்கியது. பேசக் கூடாது. நன்றியோடு ஆழமாகக் குனிந்தான். தோளிலிருந்த கெண்டியும் கூடவே குனிந்தது. கோப்பை நிறைந்தது.

"எப்பா, அத என்ட்ட தாங்க" என்றாள் ஞானஜோதி.

மகள் கையில் கோப்பையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் பின்னால் பாய்ந்தார். அங்கே கேட்ட ஓசையில் அணையின் ஷட்டரைத் திறந்துவிட்டார்களோ என்று அக்கம்பக்கத்தார் மேட்டுக்கு ஏறினார்கள்.

அவள் அவர் மகள் அல்லவா? மிச்சம் வைப்பாளா? குடித்தாள். மூக்கு வளைந்தது. குடித்துக்கொண்டே அவள், பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லி ஃபாதரைப் பார்ப்போம் என்று கோயில் பக்கம் நடக்க, அவன் ஊற்றிக்கொண்டே பின்னால் போனான்.

வேட்டியைச் சரிசெய்தபடி செல்லத்துரை திரும்பியபோது அவர்கள் வளைவைத் தாண்டியிருந்தார்கள். ஸ்கூட்டரின் ஹாரன் மட்டும் கேட்டது. அவர் கைகளை வாயருகே குவித்துக் கத்தினார்:

"லே மருமவனே! ஃபாதருக்கு மட்டும் ஊத்திராதே! அவரும் மிச்சம் வைக்க மாட்டாரு!"