பதினெட்டு முழம்

பஸ்ஸாஸ் வீட்டில் துணி வியாபாரம் நின்று பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. இராக் மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கடையில் விற்கத் துணியும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. ஸுஹைரின் அப்பா கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமான் அறையில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தார். இரண்டே மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது பெயர்தான். பஸ்ஸாஸ் என்றால் துணி வியாபாரி, வேறொன்றுமில்லை.

ஸுஹைருக்குப் பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது. பையன்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவர். அவருடைய கால்சட்டைகள் எல்லாமே கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டு உம்மு ஹாத்திம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி அவர் மனைவி கவ்லாவிடம், மகள் ஹனீனின் பெயரைச் சேர்த்து அழைத்துச் சொல்லுவாள்: "உம்மு ஹனீன், உன் புருஷன் பேரு துணி வியாபாரி. ஆனா ஆத்துல இறங்கப் போற மாதிரியே ஊரெல்லாம் சுத்துறாரு. ஒரு முழம் துணி வாங்கித் தைச்சுப் போடக் கூடாதா?"

"நீளம்னு சொல்லித்தான் வாங்குறாரு. துவைச்சா ஏறிப்போகுது."

"பஸ்ஸாஸையே ஏமாத்திட்டானுங்களா? நல்ல ஊரு இது!"

சிரிப்பதற்கு இன்னும் விஷயம் இருந்த காலம் அது.

பெயரோடு ஒரு கடமையும் அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸுஹைரின் பாட்டனாருக்கு அப்பா, ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் ஆறு கொண்டுவந்து ஒதுக்கிய ஊர்பேர் தெரியாத பிணங்களுக்கெல்லாம் கடையிலிருந்த வெள்ளைத் துணியைக் கொடுத்தாராம். அன்று முதல் அந்த வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால், பிணத்தைச் சுற்றும் கஃபன் துணி ஒரு சுருள் நின்றுகொண்டே இருக்கும். கேட்க நாதியில்லாத உடலுக்கு என்று யார் வந்து நின்றாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. செத்தவன் யார், எந்தப் பள்ளிவாசல்காரன், யார் கொன்றது என்று விசாரிக்கக் கூடாது. துணியில் கத்தரி படக் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். ஒரு சுருள் தீர்வதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் வெறும் சுவர் ஒருநாள்கூடத் தெரியக் கூடாது. கடை போனபின்பும் ஸுஹைர் இதை மட்டும் விடவில்லை. வாத்தியார் சம்பளத்தில் இறைச்சியைக் குறைத்தாவது சுருள் வாங்கி வைப்பார்.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. குளிக்கப் போய் முழுகியவன், வழிப்போக்கன், அப்படி. இரண்டாயிரத்து ஆறில் கணக்கு மாறிப்போயிற்று. ஷியா-சன்னி மோதலில் பாக்தாதில் என்ன நடந்தாலும் அதை ஆறு கீழே கொண்டுவந்து அந்த ஊர் வளைவில் நாணல்களுக்கு நடுவே போட்டது. கைகள் பின்னால் கட்டியிருக்கும். ஊரில் எல்லோரும் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மீன்பிடிக்கிற ஜப்பாருக்கு வேறு பிழைப்பு இல்லை. படகும் வலையும் இருந்தன, வந்தவர்களைக் கரையேற்றினார்.

ஜப்பார் வந்தால் கதவை இரண்டு தட்டு தட்டுவார். பிணம் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்.

"விருந்தாளி வந்திருக்கார்."

"எத்தனை முழம்?" என்பது வீட்டின் பதில்.

பெரிய ஆள் என்றால் பதினெட்டு. சின்னது என்றால் பத்து. ஜப்பார் வாயைத் திறக்கும் அந்த ஒரு நொடியில், பத்து என்று சொல்லிவிடக் கூடாதே என்று கவ்லா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஸுஹைர் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை அளப்பார். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு விரல் கூடுதலாகவே விடுவார். பிறகு ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுப்பார். அந்தச் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்கும். தெருவுக்கும் கேட்கும்.

ஒருநாள் உம்மு ஹாத்திம் மதிலுக்கு மேல் வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"உம்மு ஹனீன், கோவிச்சுக்காதே. கத்தரிக்கோல் வெச்சு வெட்டக் கூடாதா?"

"கத்தரி படக் கூடாதுன்னு வழக்கம்."

"அப்ப கதவை மூடிட்டாவது கிழிங்களேன். சத்தம் வந்தா தெருவுக்கே தெரியுது, இன்னிக்கு ஒருத்தர் வந்திருக்கார்னு. தெருவுல யார் யாரோ நிக்கிறானுங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, கண்ணு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவிடுக்கில் ஒரு உறை கிடந்தது. கவ்லாதான் எடுத்தாள். உள்ளே ஒரு தோட்டா. ஒரு சாண் வெள்ளைத் துணி. துணியில் நீல மையால் எழுதியிருந்தது: ஆற்றில் வருகிறவனை ஆற்றோடு விடு.

ஸுஹைர் தோட்டாவைக் கையில் எடுக்கவில்லை. துணியை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பருத்தியா, கவ்லா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு எப்பவுமே தெரியறதில்லை. அப்பா இருந்தா தொட்டதும் சொல்லுவார்."

"நிறுத்திடலாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஹனீன் ஜோர்டானுக்கு, அம்மானுக்கு வரச் சொல்லிக்கிட்டே இருக்கா. பத்து நாள்ல போயிடலாம். அதுவரைக்கும் கதவைத் திறக்க வேண்டாம்."

"அம்மான் போறதுக்கு நான் மாட்டேன்னா சொன்னேன்? போகலாம். ஆனா அதுவரைக்கும் தட்டினா?"

"தட்டட்டும்."

"இத்தனை நாள் பஸ்ஸாஸ்னு கூப்பிட்டா திரும்பிப் பார்த்தேனே. இப்ப யாரையோ கூப்பிடறாங்கன்னு உக்காந்திருக்கணுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. எழுந்துபோய் வாசற்கதவின் தாழ்ப்பாளை இரண்டாவது தரம் இழுத்துப் பார்த்தார். பயம் இல்லாத மனிதர் இல்லை அவர். பயத்தோடேயே கதவைத் திறக்கிறவர்.

அன்றிலிருந்து கவ்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் கார் வேகம் குறைந்தால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கதவிடுக்குக்கு ஓடுவாள். ஸுஹைர் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்வரை முற்றத்துக்கும் வாசலுக்கும் நடப்பாள். கதவுக்குப் பின்னால் அந்தச் சுருள் வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும், யாரோ ஒருவன் ஒளிந்திருக்கிற மாதிரி.

வியாழக்கிழமை மதியம் அவள் அதைத் தூக்கினாள். முக்கால் சுருளுக்கு மேலேயே இருந்தது. குளிர்கால ரஜாய்கள் வைக்கும் மரப்பெட்டியின் அடியில் போட்டு, மேலே நான்கு ரஜாய்களை அடுக்கி மூடினாள். மூடும்போது யோசித்துத்தான் மூடினாள். கடைவீதியில் துணிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் மிரட்டல் வந்திருந்தது. வெள்ளைத் துணியைச் சுருளாக யாரும் விற்பதில்லை. கேட்டால் இல்லை என்பார்கள். இல்லாததை எங்கே போய் வாங்குவார்? மிச்ச நாளும் ஓடிவிடும். அம்மான் போய்ச் சேர்ந்தபின் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். திட்டட்டும்.

ஸுஹைர் வந்ததும் முதலில் கதவுக்குப் பின்னால்தான் பார்த்தார்.

"துணி எங்கே?"

"ஜப்பார் வந்தார். இன்னிக்கு மூணு பேராம். இருந்ததையெல்லாம் கொடுத்துட்டேன்."

"மூணு பேரா..." என்று சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுருள் நின்ற இடத்தில் சுண்ணாம்பு வேறு நிறமாக, உயரமாக ஒரு ஆள் நிழல்போல் இருந்தது. "நீயா கிழிச்சே?"

"ஆமா."

"உனக்குப் பழக்கமில்லையே. கை வலிச்சிருக்கும்" என்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் கையை இழுத்துக்கொண்டு பாமியா என்கிற வெண்டைக்காய்க் குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தேநீரும் ஸமூன் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு ஸுஹைர் சட்டையை மாட்டினார்.

"கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

"வெள்ளிக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? திறந்திருந்தாலும் யார் கொடுப்பாங்க? வீட்டுல இருங்க."

"கேட்டுத்தான் பார்க்கறேனே. கிடைக்கலைன்னா எனக்கும் நிம்மதிதான். தேடினேன், கிடைக்கலைன்னு ஆச்சு." பாதி சிரிப்போடு சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார். "பெரிய பை ஏதாவது இருக்கா, கவ்லா? கறுப்புப் பை இருந்தா நல்லது."

"துணியே கிடைக்கப் போறதில்லை. பை எதுக்கு?" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தெருமுனையில் யாருக்கோ சலாம் சொல்லிக் கையை உயர்த்தினார். அதற்கப்புறம் தெருமுனை காலியாக இருந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். அவர் வரவில்லை. சோற்றை மூடி வைத்தாள். கைபேசியில் கூப்பிட்டால் மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது தரம் அதுவும் இல்லை. மரப்பெட்டிமேல் போய் உட்கார்ந்தாள். ஏன் அங்கே உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெருவில் குழந்தைகள் சத்தம் திடீரென்று நின்றது. யாரோ நடந்து வரும் சத்தம். வாசலில் வந்து அது நின்றது.

இரண்டு தட்டு.

கதவைத் திறந்தாள். ஜப்பார் இடுப்புவரை நனைந்து நின்றார். விருந்தாளி என்ற சொல் வரட்டும் என்று கவ்லா காத்தாள். அது வரவில்லை. பழக்கத்தில் அவள் வாயே முந்திக்கொண்டது.

"எத்தனை முழம்?"

ஜப்பார் தரையைப் பார்த்தார்.

"நீயே அளந்துக்க, தங்கச்சி. உனக்குத் தெரிஞ்ச உயரம்தான்."

பின்னால் கேள்விப்பட்டது இவ்வளவு. பாலத்துக்கு அக்கரையில் மிரட்டல் எட்டாத ஒரு சின்னக் கடைக்காரர், வெள்ளிக்கிழமையும் அரைக்கதவு திறந்து வைத்திருந்தார். பஸ்ஸாஸ் என்று பெயரைச் சொன்னதும் பாதி விலைக்கே கொடுத்தாராம். பை இல்லை. ஸுஹைர் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்து வந்தார். பட்டப்பகலில் வெள்ளைத் துணி, தூரத்திலிருந்தே தெரியும். பாலத்தின் நடுவில் ஒரு கார் நின்றது. ஆளையும் துணியையும் சேர்த்தே தள்ளியிருக்கிறார்கள். ஜப்பார் முதலில் பார்த்தது துணியைத்தான். தண்ணீரில் நீளமாகப் பிரிந்து, வெள்ளைப் பாதை போட்ட மாதிரி வளைவுவரை வந்திருந்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். மறுமுனையில் ஸுஹைர் இருந்தார், பிடியை விடாமல்.

"அந்தத் துணி ஆகாது. எல்லாம் சேறும் எண்ணெயும்" என்றார் ஜப்பார், வாசலில் நின்றபடியே. "வீட்டிலேயும் தீர்ந்துபோச்சுன்னு கடையில அபு ஹனீன் சொன்னாராம், கரைக்கு ஓடிவந்த கடைக்காரர்தான் சொன்னார். மூணு பேருக்கு நான் வாங்கிட்டுப் போனேன்னு..."

கவ்லா உள்ளே போனாள். நான்கு ரஜாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். அடியிலிருந்து சுருளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மதிலுக்கு மேல் உம்மு ஹாத்திமின் முகம் இருந்தது. ஜப்பார் சுருளைப் பார்த்தார், முக்காலுக்கு மேல் இருந்த சுருளை. பிறகு அவளைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு அழுகையாவது வந்திருக்கும்.

தன் கையால் அளந்தாள். அவள் கை சின்னது. அவருடைய பதினெட்டு அவளுக்கு இருபத்திரண்டு வந்தது. ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தாள். முற்றம் முழுக்கச் சத்தம் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்ல, உம்மு ஹாத்திம் அழும் சத்தம் வந்தது.

மூன்று நாள் துக்கத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். வந்த வேகத்திலேயே போனார்கள். ஹனீன் தினமும் போனில் கதறினாள்: "அம்மா, பெட்டியைக் கட்டு, உடனே கிளம்பு." கவ்லா பெட்டியைக் கட்டினாள். மிச்சச் சுருளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொளுத்தக் கை வரவில்லை. கடைசியில் அது நின்ற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். இரவும் பகலும் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் வாசலில் காலடி வந்து நின்றது. தட்டவில்லை. நெடுநேரம் தட்டவில்லை. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தன் மூச்சுச் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் கேட்டது. ஜப்பாரின் இருமல்.

ஒரு சாண் அளவுக்குக் கதவைத் திறந்தாள்.

"தட்டக் கூடாதுன்னுதான் நின்னேன்" என்றார். "நீ பஸ்ஸாஸ் பொண்ணு இல்ல. உங்கப்பன் பேரு வேற. இந்த வழக்கம் உன்னைக் கட்டாது. ஊருக்குப் போறேன்னு கேள்விப்பட்டேன். போயிட்டு வா, தங்கச்சி. நான் வேற எங்கேயாவது பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டும் அவர் நகரவில்லை. ஈரத்தில் அவருடைய சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தெருவின் கடைசியில் ஒரு கார் நின்றிருந்தது. விடியும்போதும் அது அங்கேதான் நின்றிருந்ததா என்று கவ்லாவுக்கு நினைவு வரவில்லை.

"எத்தனை முழம்?" என்றாள்.

ஜப்பார் தலையை நிமிர்த்தவில்லை.

"பத்து."

தன் கைக்குப் பன்னிரண்டு என்று கணக்குப் பண்ணிக்கொண்டாள். இன்னொரு தரம் அந்தக் காரைப் பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் கையை நீட்டினாள்.