நீலப் பெயின்ட் கட்டை

அந்தக் கிடங்கில் சீச்சீக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். டம்ளர் விளிம்பில் ஈ உட்கார்ந்தால் சீ, லிஃப்ட் பொத்தானில் பிசுக்கு இருந்தால் சீ. எதைத் தொட்டாலும் கைக்குட்டை போட்டுத்தான் தொடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், அழுக்கிலேயே கிடந்து புழங்கவேண்டிய தீத்தடுப்பு வேலையைக் கொடுத்திருந்தார்கள். வேலை கொடுத்தவர்களின் புத்தியை என்னவென்று சொல்ல.

அட்டைப் பெட்டிகள் குவிந்த சரக்கறைக்கும், நாற்பது பெண்கள் நின்று வேலை செய்யும் பேக்கிங் கூடத்துக்கும் நடுவே தடித்த சுவர் ஒன்று. ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் தாவக் கூடாது என்று கட்டியது. ஆனால் பெட்டிகள் வரவேண்டுமே, அதற்காகச் சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை, அதன் வழியே ஓடும் கன்வேயர் பெல்ட். புகை வந்தால் ஓட்டைக்கு மேலே சுருண்டிருக்கும் இரும்பு ஷட்டர் தானாக இறங்கி மூடிவிடும். அது மூடாவிட்டால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துபோட்ட வீட்டின் கதைதான்.

அன்று காலை ஷட்டர் இறங்கும் பள்ளத்தில் யாரோ ஒரு மரக்கட்டையை அடித்துச் செருகியிருந்ததைப் பார்த்தார். கட்டை இருக்கும்வரை ஷட்டர் ஒரு சாண்கூட இறங்காது. கட்டையைச் சுற்றி மென்று ஒட்டிய சூயிங் கம், மசகில் சிக்கிச் செத்த கரப்பான்கள், ஒரு கொத்து முடி. அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, கைக்குட்டை போட்டுக் கட்டையைப் பிடுங்கினார். கூடத்துக்குள் போய் நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்திப் பொரிந்து தள்ளினார். சோறு தின்கிறவர்கள் செய்கிற காரியமா இது, தீப்பிடித்தால் முதலில் கருகப்போவது யார், உங்கள் உயிர் உங்களுக்கே கிள்ளுக்கீரையா என்று கேட்டார். சத்தம் கேட்டு மேனேஜரும் வந்து கதவோரம் நின்றார்.

"இதை வச்சது யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே பேரை எழுதி வேலையை விட்டு அனுப்புறேன்" என்று கட்டையைத் தூக்கிக் காட்டினார்.

காட்டும்போதுதான் அதன் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. நீலப் பெயின்ட். அவர் வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சியது. காற்றில் படார் படாரென்று அடிக்கும் படுக்கையறைக் கதவுக்காக அவரே உட்கார்ந்து சீவிய கட்டை. பத்து நாளாகக் காணோமென்று கட்டிலுக்கடியில்கூடத் தேடியிருந்தார். வரிசையில் ஏழாவதாக நின்றவள் அவர் மனைவி.

அவள் ஒளியவில்லை. ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் வச்சேன். எழுதிக்குங்க. ஏன் வச்சேன்னும் சேர்த்து எழுதுங்க."

கட்டை வைக்கும்வரை புகையே இல்லாமல் அந்த ஷட்டர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை விழுந்ததாம். பெல்ட் நின்ற நேரத்தையெல்லாம் சாப்பாட்டு நேரத்திலிருந்து கழித்தார்களாம். கடைசி மேசையில் நிற்கும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் சாப்பிட நேரமில்லாமல் மயங்கி விழுந்தாளாம். வீட்டில் எத்தனை தடவை சொன்னேன், மெஷின் சமாச்சாரம் உனக்குப் புரியாது என்று வாயை அடைத்தது யார் என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கூரையில இருக்கிற புகை டிடெக்டரை மாசாமாசம் துடைச்சதா கையெழுத்துப் போடுறீங்களே, ஏணியில ஏறி எத்தனை மாசம் ஆச்சு?"

மூன்று மாதம். ஏணிப் படியெல்லாம் பிசுக்கு, மேலே போனால் முகத்தில் ஒட்டும் நூலாம்படை. சீ என்று கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊரார் அழுக்கைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவரின் சொந்தப் பிழைப்பு இந்த லட்சணத்தில் நாறிக்கொண்டிருந்தது.

போய் ஏணியைக் கொண்டுவந்தார். அவள் கீழே பிடித்துக்கொண்டாள். டிடெக்டரின் வலைமேல் அட்டைத்தூள் கம்பளி போலப் படிந்திருந்தது. தூசி எது, புகை எது என்று அந்தச் சனியனுக்கு எப்படித் தெரியும். கைக்குட்டை நாலு துடைப்பில் கிழிந்துபோக, வெறுங்கையால் வழித்தெடுத்தார். பெல்ட்டை ஓடவிட்டுச் சோதனைப் புகை அடித்தார். ஓட்டையில் இருந்த பெட்டி கடந்துபோனதும் ஷட்டர் கடகடவென்று இறங்கி முழுசாக மூடியது.

அப்புறம் பதிவேட்டைத் திறந்து தன் மூன்று கையெழுத்தையும் அடித்து, 'ஏறவில்லை, துடைக்கவில்லை' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். அதற்குக் கீழே கட்டை வைத்த காரணத்தையும் மனைவியின் பெயரையும் எழுதினார்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கட்டை வைத்தவளை அனுப்பித்தான் ஆகவேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும் என்றார். உங்கள் சங்கதி வேறு என்று தோளில் கைபோட்டார்.

"வேற பதிவேடு தர்றேன். அந்த மூணு மாசத்தையும் பழையபடியே எழுதிடுங்க. அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றவங்களுக்குச் சுத்தமா ஒரு கையெழுத்து இருந்தாப் போதும்."

இதற்கு முன்னால், கரப்பானைப் பார்த்து வந்ததெல்லாம் ஓர் அருவருப்பா. தோளில் கிடந்த அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தார், கைக்குட்டை இல்லாமலே.

"கட்டை வச்சவ போகணும்னா, வைக்க வச்சவனும் போகணும் சார். ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட இதை நானே குடுத்துக்கிறேன்" என்று பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கி, கட்டையையும் எடுத்துக்கொண்டு, சாவிக்கொத்தை மட்டும் மேசைமேல் வைத்தார்.

வெளிவாசலில் அவள் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். பதிவேட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த மாதம் என்ன செய்வோம் என்று கேட்கவில்லை. கட்டையைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள்.

"கையைக்கூடக் கழுவலையா நீங்க?"

குனிந்து பார்த்தார். நகக்கண் வரைக்கும் கறுப்பு அப்பியிருந்தது. அவருக்கு அது மறந்தே போயிருந்தது.