இருவரும் நேரில் வரவேண்டும்

சூடேறிக்கொண்டிருக்கும் இந்த உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு, மயிலத்துக்குப் பக்கத்தில் சீனுவாசனின் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், வந்து இறங்கியது. நேராக வந்து இறங்கவில்லை. வேன் ஏரிக்கரைச் சேற்றில் மாட்டிக்கொண்டதால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது.

வந்தவர்கள் திண்டிவனத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தார். சிறு குடும்பப் பண்ணைகள் உரமூட்டையை விட்டு இயற்கை முறைக்குத் திரும்ப, வெளிநாட்டிலிருந்து மானியம் வாங்கிக் கொடுப்பது அவர்கள் வேலை. சீனுவாசனுக்கு மண்புழு உரக் குழி என்று முடிவாயிற்று. நிலம் சிறிதுதான், பண்ணையும் சரிதான். குடும்பம் மட்டும் தாம்பரத்தில் இருந்தது.

மகள் கலைப்பிரியாவின் பிரசவத்துக்குப் போன மனைவி பாஞ்சாலி, "கொயந்தைக்குத் தலை நிக்கட்டும், வந்துடறேன்" என்றாள். தலை நின்றது. நடக்கட்டும் என்றாள். நடந்தது. இப்போது அந்தப் பிள்ளை எல்.கே.ஜி. போகிறது, பாட்டி பள்ளி வேனுக்காக வாசலில் நிற்கிறாள். சீனுவாசன் ஒருமுறை போய், அந்த வீட்டு ஹாலில் டி.வி.க்கும் ஷூ அலமாரிக்கும் நடுவே படுத்துப் பார்த்தார். விடிந்ததும், கோழிகளைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லி வந்துவிட்டார்.

இந்த மானியத்தில் அவரை இழுத்தது மண்வளம் அல்ல, ஒரு நிபந்தனை. பெண்களின் பங்கேற்பில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அக்கறை அதிகம். ஆகையால் ஒவ்வொரு ஆய்வு நாளிலும் கணவன், மனைவி இருவரும் குழியருகே நேரில் இருக்கவேண்டும். ஆபீசர்கள் வருகிறார்கள் என்றால்தான் மாப்பிள்ளை லீவு போட்டுப் பிள்ளையைப் பார்ப்பார். மாமா தனியாக இருக்கிறார் என்பதற்கெல்லாம் எந்தக் கம்பெனியிலும் லீவு கிடையாது.

குழி வெட்டிய அன்று பாஞ்சாலி வந்தாள். வீட்டைக் கூட்டி, கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, அவர் சட்டைக் காலரைப் பார்த்துத் திட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போனாள். அந்தக் குழம்பை அவர் சுண்டவைத்துச் சுண்டவைத்து, சட்டியில் அடி தெரிந்த பிறகும் கழுவாமல் வைத்திருந்தார். புழு விட்ட அன்றும் வந்தாள். மூன்றாவது ஆய்வுதான் கடைசி.

"உரம் நல்லா வந்திருந்தா அன்னிக்கே முடிச்சிடுவோம் ஐயா," என்றாள் நிறுவனத்தின் கள அலுவலர் ஆர்த்தி. "சரியில்லன்னாதான் பேஜாரு. திரும்பத் திரும்ப ஆய்வுக்கு வருவோம். அம்மாவும் ஒவ்வொரு தபாவும் அங்கேர்ந்து அலையணும்."

அவள் எச்சரிக்கையாகத்தான் சொன்னாள். சீனுவாசன் வீட்டுக்குப் போய் யோசித்தார். மறுநாள் குழிமேல் போட்டிருந்த வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கோழிகளைத் திறந்துவிட்டார். கோழிகளுக்கு எந்தப் பயிற்சி முகாமும் தேவைப்படவில்லை.

கடைசி ஆய்வுக்கு நிறுவனத்தின் இயக்குநர் நடராசனே வருவதாக இருந்தது. பாஞ்சாலி காலையிலேயே வந்து, பையை வைத்த கையோடு போய்க் குழியைக் கிளறினாள்.

"இன்னாய்யா, ஒரு புழுவையும் காணோம்?"

"வெயிலுக்கு அடியில போயிருக்கும்."

"ஊர்க் கோழியெல்லாம் குச்சியாட்டம் இருக்குது, நம்ம கோழி மட்டும் நடக்க முடியாம நடக்குது. அடியில போச்சாம்!" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வலையப் பாத்துக்கத் துப்பில்ல உனக்கு. ஆபீசருங்க முன்னாடி மானம் போவப் போவுது."

போகட்டும் என்றுதான் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

நடராசன் வந்தார். குழி ஓரத்தில் நின்று, "மண் என்பது வெறும் மண்ணல்ல" என்று ஆரம்பித்தார். பிறகு என்ன என்பதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது. கோழிகள் நிழலில் படுத்துக் கேட்டன. பேசி முடித்து, "எங்கே, நம்ம நண்பர்களைப் பார்ப்போம்" என்று குனிந்தார். சீனுவாசன் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அதற்குள் பாஞ்சாலி ஈரச் சாக்கை இழுத்துக் குழியை மூடிவிட்டாள்.

"இப்ப கெளறாதீங்க சார். முட்டை வச்சிருக்குது. வெளிச்சம் பட்டா அத்தினியும் பூடும்."

நடராசன் சுட்டதுபோல் கையை எடுத்தார். கண் கலங்கியது. "பார்த்தீங்களா ஆர்த்தி? தாய்மை! இதைத்தான் நான் மேடைக்கு மேடை சொல்றேன்."

"இல்ல சார், ஒரு தபா தொறந்தே பாத்துடுங்க," என்றார் சீனுவாசன்.

"நீ சும்மா இருய்யா," என்று பாஞ்சாலி பல்லைக் கடித்தாள்.

"தன்னம்பிக்கைன்னா இது!" என்றார் நடராசன். மாவட்டத்துக்கே மாதிரிக் குடும்பப் பண்ணை என்று அங்கேயே அறிவித்து, இருவருக்கும் சேர்த்து ஒரே பொன்னாடையைப் போர்த்தினார். அது சின்னப் பொன்னாடை. இருவரும் நெருங்கி நிற்கவேண்டியிருந்தது. போட்டோ எடுத்து முடிகிற வரைக்கும் சீனுவாசன் அசையவில்லை. எடுத்து முடிந்த பிறகும் அசையவில்லை. பாஞ்சாலிதான் துணியை உருவி மடித்தாள்.

குழியைக் கிளறாமலே ஆய்வு முடிந்ததால் முந்தின பஸ்ஸையே பிடித்துவிடலாம் என்றாள். குழம்பு வைக்க நேரமில்லை. கூட்டேரிப்பட்டுக்கு வண்டியில் போகும்போது, பின்னாலிருந்து சொன்னாள்:

"நான் மட்டும் இல்லன்னா இன்னிக்கு நாறியிருக்கும்."

"ஆமா."

"இனிமே அவங்க வரமாட்டாங்கல்ல?"

"வரமாட்டாங்க."

"அப்பாடா," என்றாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "வேளைக்குத் துன்னு. நின்னுக்கினு இருக்காத, வெயிலு" என்றாள். பஸ் போன பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார். டீக்கடைக்காரர், யாருக்கோ காத்திருக்கிறார் போலிருக்கிறது என்று பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் சீனுவாசன் திண்டிவனம் போய் ஆர்த்தியைப் பார்த்தார். தேனீப் பெட்டிக்கு மானியம் வந்திருக்கிறதாமே, அதற்கும் இருவரும் நேரில் வரவேண்டுமா என்று கேட்டார்.

"ஐயோ, இனிமே அம்மாவ அலைய வுடாதீங்க ஐயா. வீடியோ கால்ல மொகம் காட்டினாப் போதும்னு மாத்திட்டாங்க. உங்க பேரை எழுதிக்கட்டுமா?"

வேண்டாம்மா என்று எழுந்துவிட்டார்.

அவருக்குத் தேனீ என்றால் பயம்.