அப்பனின் நெற்றி

மர்லேனி தலை பின்னிவிட்டால் மழைக்குக்கூட அவிழாது. கிப்தோ ஊரில் அது லேசான பேச்சல்ல. அங்கே மழை விடுகிற நாள்தான் அதிசயம். அவள் நாற்காலியிலிருந்து எழும் பெண்கள் கண்ணோரம் இழுபட்டு, இமைக்கச் சிரமப்பட்டு, நேரே மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போவார்கள்.

"கொஞ்சம் பொறுத்துக்கடி. எம் பொண்ணப் பாரு, கல்லு மாதிரி உக்காருவா," என்பாள்.

அந்தப் பெண் யெசேனியா, ஈஸ்டர் முடிந்ததிலிருந்து ஐந்து மாதமாகத் தலைத்துணியைக் கழற்றவில்லை. பின்னக் கூப்பிட்டால், இதுதான் இப்போது நாகரிகம் என்றாள். இன்று சான் பாச்சோ திருவிழா. பேட்டை ஆட்டத்தில் அவள் முன்வரிசை. விடிந்ததும் சவுரியைப் பிரித்து வைத்துக்கொண்டு மர்லேனி காத்திருந்தாள். மகள் வரவில்லை. நனைந்துகொண்டே தேடிப் போனாள். மகளின் ஞானத்தாய் தியோபிலாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

தியோபிலாவின் முழங்கால்களுக்கு நடுவே யெசேனியா தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதித் தலை பின்னியாகியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூங்கிக்கொண்டிருந்தாள்.

மர்லேனி வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் வேறொருத்தியிடம் தலையைக் கொடுத்தது அப்புறம்தான் உறைத்தது. பின்னும்போது ஒருத்தியால் தூங்க முடியும் என்பதை அவள் இதுவரை கண்டதில்லை.

"கத்தாதடி. இப்பத்தான் கண்ணசந்தா," என்றாள் தியோபிலா, கையை நிறுத்தாமல்.

"என்னக்கா இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம..."

"சொன்னா விட்டிருப்பியா? உன் வாய்க்கு ஊர்ல யாரு பதில் சொல்றது?"

ஆளிவிதை ஊறிய தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்தாள் தியோபிலா. சொந்த முடியில் பின்னலைத் தொடங்கி, சவுரியைப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். காதோர முடியைத் தொடவே இல்லை.

"இப்படித் தொளதொளன்னு விட்டா ரெண்டு ஆட்டம் தாங்காது."

"தாங்கலேன்னா திரும்பப் பின்னிக்கலாம். போன முடிய எங்க போய்ப் பின்னுவ? இங்க வா. இதப் பாரு."

மகளின் நெற்றியோரத்தில், எப்போதும் முடியின்றி வழவழவென்றிருந்த இடத்தில், பூனைமுடி அரும்பியிருந்தது.

மர்லேனிக்குப் புரியவில்லை. "அது அவ அப்பன் நெத்தியில்ல?"

வீட்டின் பழைய கேலி அது. அந்தாளு விட்டுட்டுப் போன ஒரே சொத்து இந்த ஏறுநெத்திதான் என்று மர்லேனி சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். யெசேனியாவும் சிரிப்பாள்.

"அப்பன் நெத்தியாம்! ஞானஸ்நானத்துக்கு இவள நான்தானடி ஏந்தியிருந்தேன். புருவத்துக்கு மேல ரெண்டு விரல்ல முடி. சாமியார் ஊத்துன தண்ணி நிக்க நெத்தியில எடமில்ல."

தகரக் கூரையில் மழை கொட்டியது. மர்லேனியின் கை தானாகத் தன் தலைத்துணிக்குள் போய், காதோரத்து வழவழப்பைத் தடவியது. அது தன் தாய்வழி வந்தது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

யெசேனியா கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவளுடைய இரண்டு கைகளும் மேலே பறந்து தலையை மூடிக்கொண்டன.

மர்லேனி அவளை ஒருநாளும் அடித்ததில்லை.

தெருவில் மேளம் கேட்கத் தொடங்கியது.

"மிச்சத்த நான் பின்னட்டுமா?" என்றாள் மர்லேனி.

மகள் தியோபிலாவைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கைகளை இறக்கினாள். "இழுக்க மாட்டியே?"

மர்லேனி உட்கார்ந்து ஒரு வகிடு எடுத்தாள். மூன்று கால் பிரித்து, இரண்டு மடிப்புப் பின்னினாள்.

"வலிக்குதா?" அந்தக் கேள்வி அவள் நாக்குக்கே புதிதாக இருந்தது.

"இல்ல."

ஆனால் மகளின் தோள்கள் காது வரை ஏறியிருந்தன. இத்தனை வருஷம் கண்ணெதிரே இருந்தும் அவள் கவனிக்காத தோள்கள். மர்லேனி அவிழ்த்தாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி அவிழ்த்தாள். அடுத்த முறை அத்தனை தளர்வாகப் பின்னியதில், பின்னல் நிற்குமா என்றே சந்தேகமாயிருந்தது. தோள்கள் கொஞ்சம் இறங்கின.

"அம்மா, ஆட்டம் ஆரம்பிச்சிருவாங்க."

"ஆரம்பிக்கட்டும். தலைய ஆட்டாத," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "ஆட்டு. நல்லா ஆட்டு. எங்க இழுக்குதுன்னு பாப்போம்."