சீலிங்குக்கு மேலே கிடந்த பஞ்சு

மாமனாருக்கு இருமல் பிடித்து மூன்று வாரம். வீடெல்லாம் கதகதவென்று இருக்க, அவர் அறை மட்டும் எத்தனை ஹீட்டர் வைத்தாலும் சூடேறுவதாக இல்லை. "அப்பாவை எங்கிட்ட அனுப்பிடுங்க" என்று மூத்த மகன் சொல்லிவிட்டார். நாளைக் காலை காரோடு வருகிறார்; மாமனாரின் பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. இளைய மருமகளுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் வேலைக்குப் போனால் குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைக்கிறவர் அவர்தான். மனுஷரும் வாயைத் திறந்து போகமாட்டேன் என்று சொல்லவில்லை. வீறாப்பு அப்படி.

கடைசி முயற்சியாக, வீட்டில் குளிர் எங்கே புகுகிறது என்று பார்த்துச் சொல்லும் பெண்ணை வரவழைத்தாள். வந்தவள் அறை அறையாகக் கேமராவைக் காட்டினாள். குளிர்ந்த இடம் திரையில் நீலமாகத் தெரியுமாம். மாமனார் அறையில் சீலிங் முழுக்க நீலம். ஏணி போட்டு சீலிங்குக்கு மேலே பரணுக்குள் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"குளிர் இறங்காம இருக்கப் போடுற கண்ணாடிப் பஞ்சே இங்க இல்லீங்க! குழந்தை ரூம் மேல மட்டும் ரெண்டு மடங்கு கிடக்கு!"

கணவன் போனை எடுத்து, வீடு கட்டிய மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி பேசத் தொடங்கினான்.

"வைடா போனை," என்றார் மாமனார். "அவன் ஒழுங்காத்தான் போட்டான். நான்தான் இழுத்து அந்தப் பக்கம் போட்டேன்."

"எப்பப்பா?"

"போன வருஷம், புள்ளைய ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டு வந்த அன்னிக்கு. எட்டாம் மாசமே பொறந்துது, கையளவுதான் இருந்துது. எனக்கென்ன, கம்பளியைப் போர்த்துக்கிட்டாப் போச்சு."

நாற்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். பரண் ஏறுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"குழந்தைக்கு ஒரு மடங்கே தாராளமாப் போதும் ஐயா," என்று சிரித்தபடி இறங்கினாள் அந்தப் பெண்.

ஒரு வருஷமாகக் குழந்தைக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை என்று மருமகள் டாக்டரைப் புகழ்ந்தாள், மருந்தைப் புகழ்ந்தாள், வந்தவர் போனவரிடமெல்லாம் தன்னையே புகழ்ந்துகொண்டாள். அத்தனைக்கும் தலையாட்டிவிட்டு இந்த மனுஷர் பக்கத்து அறையில் விறைத்துக் கிடந்திருக்கிறார். நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அடங்குமா?

கணவன் பரணேறிப் பாதிப் பஞ்சைப் பழைய இடத்துக்கு இழுத்தான். "ஓரத்துல இடைவெளி விடாதடா!" என்று கீழே ஏணியைப் பிடித்தபடி அதிகாரம் செய்தார் மாமனார். மருமகள் பக்கத்திலேயே நின்று மூத்தவர் வீட்டு ஓர்ப்படிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாமா வரலை."

"ஏன், ரூம் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஆகாட்டியும் அனுப்பமாட்டேன். எங்க ரூமைக் குடுத்துட்டு நாங்க கூடத்துல படுத்துப்போம்."

ஏணியைப் பிடித்திருந்தவர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் சட்டையெல்லாம் பெட்டியில கசங்கிப்போயிருக்கும். எடுத்து மாட்டுங்கடா யாராவது," என்று மகனைத்தான் அதட்டினார்.