நைனா மேடம்

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். மற்ற நாட்களில் இல்லை. கோலார் கோர்ட்டு போட்ட உத்தரவு அது. காலையில் பேத்தமங்களாவுக்குப் போய், ஒரு காலத்தில் எனக்கு மாமியாராக இருந்த அம்மாள் வீட்டு வாசலில் நின்று நேத்ராவைக் கூட்டிக்கொண்டு வரலாம். விளக்கு வைப்பதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். லைப்ரரியில் புத்தகம் எடுத்தால்கூட இதைவிடத் தாராளமாகக் கொடுப்பார்கள்.

முதலில் வலித்தது. அப்புறம் மரத்துப்போய்விட்டது. தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் தினமும் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவன் நான். கால் மரத்துப்போவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகியிருந்தது. நடுநடுவே அது சௌகரியமாகவும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கடைசிச் சனிக்கிழமையாகவும் இருக்கலாம். நேத்ராவின் அம்மா இந்து வேறு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். மாப்பிள்ளைக்குப் பூனாவில் வேலை. நேத்ராவையும் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் நான் திங்கட்கிழமை கோர்ட்டில் நின்று ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். என் வக்கீல் ஞானதாஸுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“ஸ்கூல் லீவுக்காவது கொழந்தைய உங்கிட்ட அனுப்பணும்னு கேளுப்பா. நாயமா கெடைக்கும்,” என்றார்.

“வேணா சார். அவளுக்கே நான் யாரோ எவனோ ஆயிட்டேன். கேட்டு இன்னா பண்றது?”

சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்பா என்கிற வார்த்தையே புழக்கத்தில் கிடையாது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். பெற்றவனை ‘நைனா’ என்போம், ‘நீ’ என்போம். என்னைப் பெற்றவர், சுரங்கத்தில் வேலை பார்த்த சம்பங்கி, எனக்கு நைனா. நான் அவரைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, நேத்ராவுக்கு வாய் வந்தபோது முதலில் வந்ததே அந்த வார்த்தைதான். அப்படிப்பட்டவள் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, “அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அன்றிலிருந்து அப்பாதான், நீங்கதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

வழக்கமாக ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டிவி போடுவேன். இரண்டு பேரும் டிவியைப் பார்ப்போம். அன்றைக்கும் அதற்குத்தான் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எதிரே நின்ற பெங்களூர் பஸ்ஸின் முதுகில் ராட்சத ராட்டினம் படம் போட்டு ஒரு தீம் பார்க் விளம்பரம். ‘வேர்ல்ட்’ என்று முடிகிற ஏதோ ஒரு பெயர். ஐந்தாறு ஏக்கர் வாங்கிவிட்டால் எல்லாருக்கும் அது வேர்ல்டுதான். நேத்ரா நின்று அதைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். கண்டக்டர் விசில் கொடுத்தார். என்ன தோன்றியதோ, அவள் கையைப் பிடித்து ஏறிவிட்டேன்.

“எங்கப்பா போறோம்?”

“அங்கதான்.”

“சரிப்பா,” என்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோலார் தாண்டி, ஹைவேயில் பார்க்குக்கு எதிரே இறக்கிவிட்டார்கள்.

வாசலில் யூனிபார்ம் போட்ட பையன் நிறுத்தி, கன்னடம் கலந்து கேட்டான். “ஆன்லைன் புக்கிங் இதெயா சார்?”

“இல்லப்பா. நேரா வந்துட்டோம்.”

“சனிக்கிழமை ஃபுல் சார். ஆப்ல நாளைக்கு புக் பண்ணிட்டு வாங்க.”

நாளைக்கு எனக்கு மகள் இல்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தேன். அது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே இருக்கிற ராட்டினத்தை வெளியிலேயே இலவசமாகக் காட்டுகிறார்கள் போலிருக்கிறது.

“பரவால்லப்பா. வெளிய நின்னு பாத்துட்டுப் போலாம். நீங்க டென்ஷன் ஆவாதீங்க,” என்றாள் நேத்ரா.

விருந்தாளிதான் இப்படிப் பேசுவார்கள். பெற்ற பிள்ளையாக இருந்தால் தரையில் உருண்டு ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். இவளோ என் மனசு நோகக் கூடாது என்று பார்க்கிறாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

புக் பண்ணியவர்கள் வராமல் போனால் மத்தியானம் மிச்சத்தைக் கவுண்ட்டரில் கொடுப்பார்கள் என்று வேர்க்கடலை விற்கிற அம்மாள் சொன்னாள். வெயிலில் நின்றோம். என் கர்ச்சீப்பை நேத்ராவின் தலையில் போட்டேன். “தேங்க்ஸ்ப்பா,” என்றாள். கடைசியில் கிடைத்தது. உயரம் பார்க்கிற பலகை முன்னால் அவளை நிறுத்தினார்கள். குழந்தை டிக்கெட்டுக்கான கோட்டுக்கு மேலே அவள் தலை போயிருந்தது. கவுண்ட்டர்காரன், “பெரிய டிக்கெட்டு சார்,” என்றான். எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று அவனிடம் கேட்க முடியாது.

உள்ளே போனால் இன்னொரு சட்டம். தண்ணீரில் இறங்க நைலான் துணிதான் போட வேண்டுமாம். நாங்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை. அங்கேயே இருந்த கடையில் அவளுக்கு மஞ்சளில் ஒரு ஜோடி எடுத்தேன். பிரித்து அவள் முதுகில் வைத்துப் பார்த்தால் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. என் கை இன்னும் பழைய நேத்ராவின் அளவையே வைத்துக்கொண்டிருந்தது. வேறு எடுத்துக் கொடுத்தேன்.

பெண்கள் உடை மாற்றுகிற இடத்துக்குள் நான் போக முடியாது. “மாத்திக்கினு இங்கயே வா. நான் இந்தத் தூண்கிட்டதான் நிப்பேன்,” என்று அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

நின்றேன். ஈரத் துணியோடு பெண்களும் பிள்ளைகளும் வந்துகொண்டே இருந்தார்கள். மைக்கில் பாட்டு அலறியது. நடுவில் பாட்டு நின்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொன்னது: “நைனா மேடம், நைனா மேடம், உங்கள் குழந்தை இன்ஃபர்மேஷன் கவுண்ட்டரில் காத்திருக்கிறது. உடனே வரவும்.” அப்புறம் அதையே இங்கிலீஷில் சொன்னது. எவளோ ஒரு வடக்கத்திக்காரி, பிள்ளையைத் தொலைத்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரிகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை பெறத் தெரிந்தால் போதுமா, பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா? தினமும் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கொடுத்துவைத்தும் இவர்களுக்கு அருமை தெரியவில்லை.

மறுபடியும் நைனா மேடத்தைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் இன்னும் வந்தபாடில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், “இன்னா சார், இப்படியுமா ஒரு தாய் இருப்பா?” என்றுகூடச் சொன்னேன். அவரும் உச்சுக்கொட்டினார்.

ரொம்ப நேரம் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே போகிற ஒரு பெண்ணை நிறுத்தி, மஞ்சள் துணி போட்ட பெண் குழந்தை, நேத்ரா என்று பெயர், இருக்கிறாளா பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். போய் வந்து, “யாரும் இல்லங்க. அந்தப் பக்கம் இன்னொரு வழி இருக்கு, அப்படிப் போயிருப்பா,” என்றாள்.

பயம் வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. போலீஸ், இந்துவின் முகம், கோர்ட்டு எல்லாம் வரிசையாக மனசில் வந்து போயின, யாருடைய வீட்டு விவகாரமோ மாதிரி. தூணை விட்டு நகர்ந்தால் அவள் வந்து தேடுவாளே என்று அங்கேயே நின்றேன். அப்போது பாட்டு மறுபடியும் நின்றது.

“கேஜிஎஃப், கோலார் தங்க வயலிலிருந்து வந்திருக்கும் நைனா மேடம்...”

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் நைனா என்று பெயர் வைக்க மாட்டார்கள். வைத்தால் தெருவே கூடிச் சிரிக்கும்.

ஓடினேன். வழுக்குகிற தரையில், செருப்பு ஒரு பக்கம் போக, ஓடினேன். என்னைத்தான் இவ்வளவு நேரம் நானே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க ஹஸ்பெண்டா சார்? நைனா மேடம் எல்லி, எங்க?”

“நான்தாம்மா நைனா.”

“ஐடி கொடுங்க.” ஆதாரைக் கொடுத்தேன். சரத் என்று போட்டிருந்தது. அவள் முகம் கெட்டியாகிவிட்டது. “பேரு மேட்ச் ஆவல்ல சார். நைனா லேடி நேம். குழந்தைய யாருக்கோ கொடுக்க ஆகாது.”

அதற்குள் மேஜைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணியோடு ஒன்று பாய்ந்து வந்து என் வயிற்றில் குத்தியது.

“நீ எங்க போன? எவ்ளோ நேரம் கூப்ட்டுக்கினே இருந்தாங்க! ஏன் நைனா வரல நீ?” தலையெல்லாம் கலைந்து, மூக்கு ஒழுகி, ஊரே பார்க்க நேத்ரா அழுதாள். ஒரு ‘நீங்க’ கிடையாது.

அந்தப் பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “நைனான்னா?”

“அப்பா,” என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சாரி சார். யாரோட வந்தேன்னு கேட்டோம். நைனாவோடன்னு சொன்னா. குழந்தை பேரை மைக்ல சொல்லக் கூடாது, ரூல். அதான் உங்க பேர கூப்ட்டோம்.” ஆதாரைத் திருப்பிக் கொடுத்தாள்.

தண்ணீரில் இறங்க இருவருக்கும் மனசில்லை. நேராக ராட்டினத்துக்குப் போனோம். அவள் என் சட்டையை விடவே இல்லை. மேலே போனதும், கீழே ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தினார்கள். காற்று அடித்தது. ஹைவேயில் லாரிகள் போவது தெரிந்தது.

“நைனா, தாத்தா சொரங்கத்துக்குள்ள போன கேஜு லிஃப்ட்டு இந்த ஒசரம் எறங்குமா?”

“இதுமாரி எத்தினியோ ஒசரம் எறங்கும். பூமிக்குள்ள.” அப்புறம் மெதுவாகக் கேட்டேன். “இத்தினி நாளா ஏம்மா அப்பான்னு கூப்ட்டுக்கினு இருந்த?”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை ஆட்டினாள். “பூனாவுல ஒர்த்தர் இருக்காருல்ல, அவர அப்பான்னு கூப்பிடணுமாம். அம்மா சொன்னாங்க. எனக்கு வாயில வரல. அதான் உங்கிட்ட சொல்லிச் சொல்லிப் பழகினேன்.”

“எங்கிட்டயா?”

“தப்பா சொன்னா நீ திட்ட மாட்டல்ல.”

“நீங்க, வாங்க, போங்கல்லாம்?”

“அதுவும் அவருக்குத்தான். உன்ன யாராவது அப்படி சொல்வாங்களா?”

“அவரயும் நைனான்னே கூப்பிட்டிருக்கலாமே.”

என்னை ஒரு அசட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அது நீ ஆச்சே,” என்றாள்.

ராட்டினம் அசைந்து கீழே இறங்கத் தொடங்கியது. மரத்த கால் அப்படியே இருக்கும்வரை தொந்தரவில்லை. ரத்தம் திரும்ப ஓடும்போதுதான் கீழே வைக்க முடியாமல் எரியும். எனக்கு அன்று நெஞ்சிலிருந்து தொண்டைவரை எரிந்தது. அழுதேன். “பயமா இருக்கா நைனா? கண்ண மூடிக்கோ,” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேத்தமங்களாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. இந்து வாசலிலேயே நின்றிருந்தாள். “ஏன் இவ்ளோ நேரம்?” என்றாள். சொன்னேன், பார்க்குக்குப் போனோம் என்று மட்டும். நேத்ரா அம்மா பக்கத்தில் போய் நின்று, முதுகை நிமிர்த்தி, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: “அப்பா, பத்திரமா போயிட்டு வாங்க.”

“சரிம்மா, வரேன்,” என்றேன். நன்றாகத்தான் சொல்கிறாள். பூனாக்காரருக்குக் குறை ஒன்றும் இருக்காது.

பஸ் நிறுத்தத்தில் நின்று ஞானதாஸுக்குப் போன் போட்டேன்.

“சார், திங்கக்கிழம கோர்ட்ல ஸ்கூல் லீவுக்குக் கேளுங்க. தசரா லீவு, பெரிய லீவு, எல்லாத்துக்கும் அவ எங்கிட்ட வரணும். எழுதிக் குடுத்தாத்தான் நான் சரின்னு சொல்வேன்.”

“வேணவே வேணான்னு சொன்னியேப்பா. இன்னா ஆயிட்ச்சி இப்ப?”

“வலிக்குது சார்.”

“எங்க வலிக்குது?” என்று கேட்டார். வக்கீல் இல்லையா, எதற்கும் இடத்தைக் கேட்டுத்தான் பழக்கம். பஸ் வரும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.